முள்ளை அடுப்பில் வைத்தவள்

வேண்டாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் ஒளிவுமறைவு இல்லாதவர்கள். வீட்டில் அவள் நான்காவது பெண். இனிமேல் பெண் வேண்டாம் என்று சாமிக்கும் ஊருக்கும் ஒரே சொல்லில் தெரிவித்துவிட்டார்கள். படாளத்துக்கு உள்ளே தள்ளி இருந்த அந்த ஊர்ப் பக்கத்தில் தெருவுக்கு ஒரு வேண்டா உண்டு. யாரும் அதற்காக உட்கார்ந்து அழுததில்லை.

பின்னாளில் அவள் ஞானஸ்நானம் பெற்றபோது சாமியார் அருளாயி என்று பெயரிட்டார். நெற்றியில் தண்ணீர் வழிய அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சாமி, அந்தப் பேரு கோயில் புஸ்தகத்துல இருக்கட்டும். என்னக் கூப்பிடறவங்க வேண்டான்னே கூப்பிடட்டும். வேணாம்னு சொன்னவங்க எதுருலயே இத்தினி வருசம் இருந்துகினு வந்துட்டேன். இப்போ பேர மாத்தினா அவங்க ஜெயிச்சா மாதிரி ஆயிடும்."

சாமியார் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

செங்கல்பட்டுக்கு வெளியே, மலையடிவாரத்தில், கன்னியாஸ்திரிகள் நடத்திய பெருவியாதி ஆஸ்பத்திரிக்கு அவள் வந்தது கல்யாணமாகிச் சில வருஷங்களில். முதுகில் தேமல் மாதிரி ஒன்று, பிறகு விரலில் மரமரப்பு, பிறகு சூடான பாத்திரம் சுட்டும் தெரியாமல் கொப்புளம். புருஷன் வீட்டார் கொண்டுவந்து பிறந்த வீட்டில் விட்டார்கள். அண்ணன் ராஜாராம் மாட்டுவண்டியில் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் விட்டான். வண்டியைவிட்டு அவன் இறங்கக்கூட இல்லை. ஊருக்குத் திரும்பியதும் தங்கச்சி செத்துப்போய்விட்டாள் என்று சொல்லிக் கருமாதியும் செய்துவிட்டான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒருத்தி உயிரோடு இருந்தால் எவன் பெண் கொடுப்பான்?

அந்த ஊர்ப் பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒருவர் தயங்கித் தயங்கி இதைச் சொன்னார். வேண்டா கட்டுத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றுவதை நிறுத்தாமல் கேட்டாள்: "எள்ளாவது நல்ல எள்ளா போட்டானா?"

ஆரம்பத்தில் நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றினார்கள். இடுப்பு வீங்கும், சீழ் பிடிக்கும், வியாதி இருந்த இடத்திலேயே இருக்கும். பிறகு மாத்திரை வந்தது. சில வருஷங்களில் தோலைக் கீறி எடுத்துப் பார்த்த சோதனையில் கிருமி இல்லை என்று ஆயிற்று. அதற்காக விரல்கள் திரும்பி வந்துவிடாது. இடது கையில் விரல்கள் குட்டையாகிப்போயிருந்தன. வலது கையில் கடைசி இரண்டும் உள்ளே மடங்கியவை மடங்கியபடியே நின்றுவிட்டன. அந்த மடங்கிய விரல்களையே கொக்கியாக்கிக் கட்டுத்துணிச் சுருளை மாட்டிக்கொண்டு, மற்றவர்களைவிட இறுக்கமாகவும் சீராகவும் கட்டுப்போடப் பழகிக்கொண்டாள். புண்ணைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டாள். இதற்காக அவளை யாரும் புகழ வேண்டியதில்லை. புண் என்பது கழுவிக் கட்ட வேண்டிய ஒரு காரியம், அவ்வளவுதான்.

அவளை வேதத்துக்குக் கொண்டுவந்தவர் உபதேசியார் சாலமோன். ஒல்லியான மனிதர், குடை இல்லாமல் வெளியே வர மாட்டார். சாயங்காலங்களில் நடக்க முடிந்த நோயாளிகளை வேலிவரை கூட்டிக்கொண்டு போய், கண்ணில் பட்டதையெல்லாம் காட்டிப் பேசுவார்.

"படைப்பு கடவுள் எழுதின முதல் புஸ்தகம். வேதம் அப்புறம் வந்தது. எழுத்துத் தெரியாதவங்களுக்காகத்தான் முதல் புஸ்தகம். அதோ அந்தப் பனைமரம் ஒரு எழுத்து. வளையாம மேல போற ஜெபம். இந்த எறும்பு ஒரு எழுத்து. புறா பரிசுத்த ஆவி. எல்லாத்துக்கும் உள்ள பொருள் உண்டு, பாக்கத் தெரிஞ்சா."

வேண்டாவுக்கு எழுத்துத் தெரியாது. தெரியாதவளுக்கென்று ஒரு புத்தகம் இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அவள் விடாமல் போனாள், விடாமல் சண்டையும் பிடித்தாள். ஒருநாள் அவர் ஒரு படத்தைக் காட்டினார். ஒரு பறவை தன் நெஞ்சைக் கிழித்து ரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. அது கிறிஸ்துவின் அடையாளம் என்றார்.

"இது கூழக்கடா இல்ல? எங்க ஏரிக்கு வரும். நெஞ்செல்லாம் கிழிக்காது, உபதேசியாரே. மீனப் புடிச்சி பையில போட்டுகினு போவும்."

"நீ பாத்தது உன் கூழக்கடா. இது ஞானிகள் பாத்த கூழக்கடா."

"அவங்க ஏரிக்கே வரல போல."

இன்னொரு நாள் நண்டு. கால் ஒடிந்தால் நண்டுக்கு மறுபடி முளைக்கும், அது உயிர்ப்பின் அடையாளம், ஆகவே மனம் தளரக் கூடாது என்றார். வேண்டா தன் இடது கையைப் பார்த்தாள். "நண்டுக்கு மொளைக்குது. எனக்கு மொளைக்கல. அப்போ அது நண்டுக்கு எழுதின எழுத்து. எனக்கு வேற எதுனா இருந்தா சொல்லுங்க." சாலமோன் வாய்விட்டுச் சிரித்தார். அந்த நாட்களில் இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு நல்ல மதிப்பு இருந்தது. அதனால்தான் பின்னால் நடந்தது அவளுக்கு அப்படிச் சுட்டது.

ஐம்பத்தைந்தாம் வருஷம். குணமானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது ஆஸ்பத்திரி முறை. வேண்டாவுக்கு எள் தெளிக்கப்பட்ட வீடுதான் இருந்தது. ஆனால் ஒரு வழியும் இருந்தது. வியாழக்கிழமைதோறும் ஆஸ்பத்திரி வேன் திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் போய், கடலோரத்தில் ஒரு புன்னை மரத்தடியில் மாத்திரை கொடுத்துக் கட்டுப்போட்டுவிட்டு வரும். கல்பாக்கம் குப்பங்களிலிருந்தும், மாமல்லபுரம் பக்கத்திலிருந்தும், ஊருக்குத் தெரியாமல் முக்காடு போட்டுக்கொண்டு வருவார்கள். அங்கே கட்டுப்போடும் ஆள் வயதாகி நின்றுவிட்டார். வேண்டா சில வாரங்களாகக் கூடப் போய் உதவிக்கொண்டிருந்தாள். அந்த வேலை கிடைத்தால் சம்பளம், தங்க இடம், எல்லாவற்றுக்கும் மேலாக இனி யாருடைய வாசலிலும் போய் நிற்க வேண்டாம்.

அவளுக்காக இரண்டு பேர் பேச வேண்டும் என்றார் மதர். ஆஸ்பத்திரி நடத்தும் கன்னியாஸ்திரிகளின் தலைவி, வெளிநாட்டுக்காரர், விதிகளை விடாதவர். வேலை தெரியுமா என்பதற்கு ஒருவர், நடத்தைக்கு ஒருவர். வேலைக்குக் காமு நர்ஸ் பேசுவதாகச் சொன்னாள். திருக்கழுக்குன்றத்துக்காரி. சின்ன வயதில் புருஷனை இழந்து, வீட்டார் வாயடைக்கும்படி நர்ஸ் படிப்புப் படித்தவள். நடத்தைக்கு உபதேசியார் சாலமோன்.

அந்த மாதம்தான் தேவநற்கருணைப் பவனி, மந்திரித்த அப்பத்தை ஆண்டவராகவே ஏந்திப் போகும் ஊர்வலம். சாலமோன் பவனியை வேதபாடமாகவே நடத்த நினைத்தார். இயற்கையின் அடையாளங்கள் வரிசையாக நடந்து போகும். ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெண்கள் முன்னால்: ஒருத்தி கையில் கதிர், ஒருத்தி கையில் திராட்சைக் கொடி, ஒருத்தி கையில் கூண்டுப் புறா. திராட்சை செங்கல்பட்டில் ஏது? ஊதாக் காகிதத்தில் குலைகுலையாகச் செய்து கம்பியில் கட்டினார்கள். சாலமோன் வேண்டாவைக் கூப்பிட்டார்.

"கடைசியில நீ. கறுப்பு முக்காடு. கையில கருவேலங்கிளை. பேச வேண்டியது ஒண்ணும் இல்ல, நடந்தாப் போதும்."

"நான் இன்னா அடையாளம்?"

"மனுஷரோட பாவம். வேதத்தைப் படிச்சவங்க பெருவியாதியைப் பாவத்துக்கு அடையாளமாத்தான் சொல்றாங்க. ஆண்டவர் முன்னால போறார், பாவம் தோத்துப்போய்ப் பின்னால நடக்குது. ரொம்ப நாளா மனசில வெச்சிருக்கிற கருத்து, வேண்டா. பாக்கிறவங்க கண் கலங்கும்."

வேண்டா தலையை ஆட்டி மறுத்தாள்.

"எனக்கு வந்தது கிருமி. டாக்டரு பூதக்கண்ணாடி வெச்சி எனக்கே காட்டினாரு. செவப்பா, குச்சி குச்சியா இருந்திச்சி. பாவமாட்டம் தெரியல. சுள்ளியாட்டம் இருந்திச்சி."

"எல்லாமே எழுத்துன்னு நான் சொன்னப்ப ஒத்துக்கிட்டவ நீ. பனை எழுத்து, எறும்பு எழுத்து. வியாதி மட்டும் எழுத்து இல்லையா?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை. அது அவருக்கும் தெரிந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது மிரட்டாமல், உள்ளதைச் சொன்னார்: "மதர் என்னைக் கேப்பாங்க, உனக்குக் கீழ்ப்படிதல் இருக்கான்னு. நான் பொய் சொல்ல மாட்டேன்."

விஷயம் காமு நர்ஸ் காதுக்குப் போயிற்று. அவள் வேண்டாவை மருந்தறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டு இருக்கே? உணர்ச்சி இல்லாத கையில முள்ளைக் குடுக்கப்படாது. குத்தினா தெரியாது, சீழ் வைக்கும், இருக்கற விரலும் போகும். வார்டுல முதல் விதியே அதுதான். நான் மதர்கிட்ட ஒரு வார்த்தை சொல்றேன், முடிஞ்சுது. நீயும் கைக்கு ஆகாதுன்னு மட்டும் சொல்லு. சாலமோனுக்கும் கோபம் வராது, வேலையும் உனக்கு."

"அப்போ முள்ளு யாருகிட்ட போவும்?"

"யார்கிட்டயோ போறது. உனக்கென்ன?"

"செல்லம்மா கை நல்லா கீது. போன மாசம் வந்த பொண்ணு, வந்ததுலருந்து அழுதுகினு கீது. அதுங்கிட்ட குடுப்பாரு. அதுவும் தூக்கிகினு நடக்கும்."

"ஏண்டி, ஊர்ல இருக்கற பொண்ணுக்கெல்லாம் நீதான் வக்கீலா? உன் வேலையைப் பாரு."

"என் வேலையத்தான் பாக்கறேன், நர்சம்மா. கைக்காக நான் மாட்டேன்னு சொல்லல. கை நல்லா இருந்தாலும் மாட்டேன். அத வுட்டுட்டுக் கை மேல பழியப் போட்டா, அவர் சொன்னது சரின்னு ஆயிடும்."

"உனக்குப் பிடிவாதம்தான் தீராத வியாதி," என்றாள் காமு. "அதுக்கு மாத்திரை கிடையாது."

பவனிக்கு முந்தின வியாழக்கிழமை சதுரங்கப்பட்டினத்தில் கட்டுப்போட்டு முடித்தபின் வேண்டா மணல்மேட்டில் உட்கார்ந்திருந்தாள். மேடு முழுக்க அடம்பங்கொடி. கட்டுமரக்காரர்களும் மீன்காரிகளும் மிதித்துப் போகும் கொடி. ஆடுகூடச் சீண்டாது. யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றியதில்லை, உப்புக்காற்றில் மற்றதெல்லாம் கருகினாலும் அது கருகுவதில்லை. ஒரு துண்டை அறுத்துப் பார்த்தாள். கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தது. ஒரு இடத்தில் அறுத்தால் அடுத்த கணுவிலிருந்து அது தனியாகப் பிழைக்கும். அவளுக்கு உபதேசியாரின் கேள்வி நினைவுக்கு வந்தது. பதிலும் வந்தது. வேனிலிருந்த வாளியில் ஈர மணலைப் போட்டுக் கொடியை அதில் செருகி எடுத்துக்கொண்டு வந்தாள்.

பவனியன்று காலை கருவேலங்கிளையும் கறுப்புத் துணியும் பெண்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தன. காய்ந்த நல்ல கிளை. வேண்டா அதை இடுக்கியால் பிடித்து, கஞ்சி அடுப்பில் வைத்தாள். துணியைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்தாள். துணி என்ன குற்றம் செய்தது?

சாயங்காலம் மணி அடித்தபோது வெளுத்த சேலையும் டயர் செருப்புமாக, இரண்டு கையிலும் அடம்பங்கொடியைச் சுற்றிக்கொண்டு, வரிசையின் கடைசியில் வந்து நின்றாள். பூ காலையிலேயே சுருங்கிவிட்டிருந்தது. வெறும் இலைதான். சாலமோன் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டே வந்தவர் அவளிடம் வந்து நின்றுவிட்டார்.

"முள்ளு எங்க?"

"அடுப்புல. நல்லா எரிஞ்சிச்சி."

"வேண்டா, இது என்ன?"

"இது கொடி. நீங்க காயிதத்துல பண்ணிகினு போறீங்களே, அதுக்கு எங்க பக்கத்துல இதான். நீங்க அன்னிக்குக் கேட்டதுக்குப் பதிலு சொல்றேன், கேளுங்க. எறும்பு எழுத்துன்னா எறும்ப ஒரு வார்த்த கேக்க முடியாது. பனமரத்தையும் கேக்க முடியாது. என்னக் கேக்கலாம். வாய் கீது. நீங்க கேக்காமலே படிச்சிட்டீங்க. தப்பாப் படிச்சிட்டீங்க."

முன்னால் பாட்டுத் தொடங்கிவிட்டது. சாமியார் நற்கருணையை உயர்த்திப் பிடித்துக் குடைக்குக் கீழே நடக்கத் தொடங்கினார். இனி நிறுத்த முடியாது. சாலமோன் வெளுத்த முகத்தோடு முன்னே ஓடினார். பவனி நடந்தது.

பெண்கள் வார்டைக் கடக்கும்போது நோயாளிகள் வேலிக்கு உள்ளே நின்று கும்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. செல்லம்மா வேலிக்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து வேண்டாவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர். கட்டுப்போட்ட கால்கள், கோல்கள், ஒரு தள்ளுவண்டி. வேண்டா கடைசி ஆள் இல்லை என்று ஆயிற்று. பாதி வழியில் கோடைமழை பிடித்துக்கொண்டது. காகிதத் திராட்சை கரைந்து, பள்ளிக்கூடப் பெண்ணின் வெள்ளைப் பாவாடையெல்லாம் ஊதா. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. காகிதம் நனைந்தால் அப்படித்தான் ஆகும். பெண்ணின் அம்மா மட்டும் சாலமோனை ஒரு பிடி பிடித்துவிட்டாள்.

மறுநாள் மதர் கூப்பிட்டார். காமு நர்ஸும் இருந்தாள். மதரின் தமிழ் புத்தகத்திலிருந்து எடுத்த தமிழ்.

"நீ கீழ்ப்படியாமல் போனாயா?"

"ஆமாம், மதர்."

காமு குறுக்கிட்டாள். "மதர், அவள் கையில முள் ஏறினா..."

"கைக்காக இல்ல," என்றாள் வேண்டா. "நர்சம்மா நல்ல மனசோட சொல்றாங்க. நான் பாவத்துக்கு அடையாளமா நடக்க மாட்டேன்னுதான் நடக்கல. அடுத்த வருசம் சொன்னாலும் மாட்டேன்."

மதர் பேனாவை மூடி வைத்தார். "இருவர் பேச வேண்டும் என்பது விதி. சாலமோன் பேச மறுக்கிறார். உனக்காக நான் விதியை உடைத்தால், நாளை எல்லாருக்காகவும் உடைக்க நேரிடும்."

"ஒடைக்க வேணாம், மதர்."

அந்த வாரமே அவளை அனுப்பிவிட்டார்கள். போகும்போது காமு ஒரு மழுங்கல் கத்தரிக்கோலை அவள் மூட்டையில் செருகினாள். "தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக்கறேன். போய்த் தொலை," என்றாள். உடனே யாரையோ அதட்டப் போய்விட்டாள்.

பஸ்ஸில் கண்டக்டர் அவள் கையைப் பார்த்துத் தயங்கினான்.

"டிக்கெட்டக் குடு, அண்ணாத்த. கைய அப்பாலிக்கா பாக்கலாம்."

"எறங்கிக்கோம்மா. பேஜாரு பண்ணாத."

"டாக்டரு வுட்டுட்டாரு, உனக்கு இன்னா? சதுரங்கப்பட்டினம் ஒண்ணு."

பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய் நின்றுகொண்டார்கள். முழு சீட்டும் அவளுக்கே கிடைத்தது. காலை நீட்டிக்கொண்டு போனாள்.

சதுரங்கப்பட்டினத்தில் சந்திரம்மா என்ற மீன்காரி இருந்தாள். அவள் புருஷனுக்கு வேண்டாதான் வாராவாரம் கால் புண் கட்டிவிட்டிருந்தாள். மணல்மேட்டு ஓரத்தில் ஒரு ஓலைச் சாய்ப்புப் போட இடம் காட்டினாள் சந்திரம்மா. வேண்டா கீற்று முடைந்தாள், கருவாடு காய வைத்தாள், காக்காய் விரட்டினாள். வியாழக்கிழமை வேன் வந்து நின்றபோது புன்னை மரத்தடி பெருக்கியிருந்தது. வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. நோயாளிகள் காலை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

காமு வேனிலிருந்து இறங்கிச் சுற்றும் பார்த்தாள். "யார் உன்னை வரச் சொன்னா?"

"யாரும் வேணாம்னும் சொல்லலியே."

புதிதாக வேலைக்கு எடுத்திருந்த வரதன் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, எட்ட நின்றே கட்டுப்போடுகிற ஆள். நோயாளிகள் அவனிடம் காலை நீட்டாமல் வேண்டாவிடம் நீட்டினார்கள். மழைக்காலத்துக்குள் அவன் வேறு வேலை தேடிக்கொண்டு போனான். அதன்பின் காமு ஒன்றும் சொல்லாமல் கட்டுத்துணிச் சுருளை வேண்டாவின் மடங்கிய விரல்களில் மாட்டிவிட்டாள். மதருக்குத் தெரியாமல் இருக்காது. அவர் விதியையும் உடைக்கவில்லை, வேறு ஆளையும் எடுக்கவில்லை.

அடுத்த வருஷப் பவனிக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை வேனிலிருந்து குடை முதலில் இறங்கியது, பின்னால் சாலமோன். மணல் செருப்புக்குள் போக, காலை உதறி உதறி நடந்து வந்தார். வேண்டா ஒரு கிழவரின் குதிகாலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நல்லா இருக்கியா, வேண்டா?"

"கீறேன். குந்துங்க. அந்தப் பக்கம் குந்துங்க, இங்க தண்ணி தெறிக்கும்."

அவர் உட்காரவில்லை. "அந்தக் கொடி கொஞ்சம் வேணும். பவனிக்கு. காகிதம் சரிப்படல."

"யாரு தூக்கிகினு போறாங்க?"

"பள்ளிக்கூடத்துப் பொண்ணு ஒண்ணு."

"கடைசியில?"

சாலமோன் குடையின் நுனியால் மணலைக் கிளறினார். "கடைசின்னு யாரையும் வெக்கல. உள்ள இருக்கிறவங்களும் வரிசையில வராங்க. சாமியாரே சொல்லிட்டார்."

"முள்ளு?"

"இல்ல."

"சாமியார் சொன்னது கேட்டேன். நீங்க இன்னா சொல்றீங்க?"

கிழவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அலை வந்து போயிற்று. "நான் கேக்காம படிச்சிட்டேன்," என்றார் சாலமோன். "அதைச் சொல்லத்தான் வந்தேன். கொடிக்கு ஆளை அனுப்பியிருக்கலாம்."

வேண்டா குதிகாலைத் துடைத்தாள். மருந்துத் துணியை வைத்தாள். சுருளை மாட்டிக்கொண்டு சுற்றத் தொடங்கினாள்.

"மதர்கிட்ட இப்போ பேசட்டுமா?"

"பேசறது உங்க இஷ்டம். நான் கேக்கல," என்றாள். பிறகு, "கொடிய வேரோட இழுக்காதீங்க, உபதேசியாரே. மேடு சரிஞ்சிடும். கணுவுக்கு இந்தப் பக்கமா அறுங்க," என்று சொல்லி மழுங்கல் கத்தரிக்கோலை அவரிடம் நீட்டினாள். அவர் கையில் வாங்கிக்கொண்டார்.

அதற்கடுத்த வியாழக்கிழமை வேனில் ஒரு வெள்ளை மேலங்கி வந்தது, ஆஸ்பத்திரிக்காரர்கள் போடுவது. காமு அதை அவள் மடியில் போட்டுவிட்டு, "மதர் குடுக்கச் சொன்னா. பெரிசா இருக்கும். யாருக்கோ தைச்சது," என்றாள். பெரிசாகத்தான் இருந்தது. வேண்டா அப்போதே கத்தரியை எடுத்து அதன் இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேலே வெட்டினாள். நீளக் கை புண்ணில் படும். பிறகு அதை மாட்டிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.